பிரெஞ்சில் "கூ" எண்டால் என்ன? அடியா, உதவியா, ரெலிபோனா?

லாச்சப்பல்பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். நான் பாரிஸுக்கு வந்து ஏழு மாதம். ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில பாத்திரம் கழுவுறன், இடைக்கிடை மரக்கறி வெட்டவும் விடுவினம். கிழமைக்கு இரண்டு நாள் பிரெஞ்சு வகுப்பு.

என்ர பிரச்சினை ஒரே ஒரு சொல்லு: கூ. எழுதுறது நாலு எழுத்து, கடைசியில வாற "ப்" சத்தத்தைச் சொல்லுறேல்லை. வகுப்பில ரீச்சர் "கூ எண்டால் அடி" எண்டு சொல்லித் தந்தவ. கூ தெ புவேன் எண்டால் குத்து, கூ தெ பியே எண்டால் உதை. அதுவரைக்கும் விளங்குது.

வேலைக்குப் போன முதல் கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும், ஷெஃப் சத்தமா "செ லெ கூ தெ ஃபே!" எண்டார். எனக்குத் தெரிஞ்ச கூ தெ ஃபே துவக்குச் சூடு. செய்தியில அப்பிடித்தான் சொல்லுறவை. நான் வளர்ந்த இடத்தில அப்பிடி ஒரு சொல்லைக் கேட்டால் உடம்பு முதல் நிலத்தில விழும், பிறகுதான் மூளை யோசிக்கும். கையில இருந்த தட்டை வைச்சிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில குந்திட்டன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. ஷெஃப் வந்து தோளில கை வைச்சு மெதுவா ஏதோ சொன்னவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் கூட வேலை செய்யிற மாலி நாட்டுப் பொடியன் "கூ தெ மேன்" தருவியா எண்டு கேட்டான். கையால அடிக்கச் சொல்லுறானோ எண்டு நான் முழிக்க, பெரிய சட்டியின்ர மற்றக் காதைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினான். இரவு முதலாளி ரெலிபோனைக் காட்டி "கூ தெ ஃபில்" எண்டார். அடியும் உதவியும் ரெலிபோனும் எப்பிடி ஒரே சொல்லில வரும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லித் தாங்கோ.

அடையாறுவாசகி

அண்ணா, நான் சென்னைல அலியான்ஸ் ஃப்ரான்சேஸ்ல படிக்கிறேன், இப்போதான் பி1, அதாவது நடு லெவல். இந்தச் சொல் எனக்கும் முதல்ல பேப்பர் வழியாத்தான் தெரியும். ராணுவம் ஆட்சியைப் பிடிச்சா "கூ" நடந்துடுச்சுன்னு எழுதுவாங்க இல்லையா, அது கூ தேத்தா. முழுசா மொழிபெயர்த்தா அரசு அடி.

எனக்குப் பிடி கிடைச்சது நம்ம "அடி"யை வச்சுத்தான். தமிழ்லயும் அடின்னா வெறும் அடியா? போன் அடிக்கிறோம், அவங்க கூ தெ ஃபில். காத்து அடிக்குது, அவங்க கூ தெ வான். வெயில் அடிச்சு முகம் சிவந்தா கூ தெ சொலேய். தண்ணி அடிக்கிறதுக்கு அவங்க "புவார் அன் கூ"ன்னு சொல்றாங்க, அப்படியே ஒரு அடி குடிக்கிறது! "அடிச்சுச் சொல்றேன்" மாதிரி "அ கூ சுய்ர்". "ஒரேயடியா"ங்கிறது "தன் செல் கூ", வார்த்தைக்கு வார்த்தை ஒரே அடி.

ராத்திரி ரெண்டு மணிக்கு இதைக் கண்டுபிடிச்சப்போ யாரையாவது எழுப்பிச் சொல்லணும் போல இருந்தது. ஒரு சந்தேகம். நம்ம பக்கம் புதுச்சேரி இருக்கே, அங்கேருந்து நமக்கு வந்திருக்குமோ?

புதுவைவாத்தியார்

தம்பி, உங்கள் முதல் வாரத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நான் புதுச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேல் பிரெஞ்சு கற்பித்தவன். இத்தனை காலமும் கூ தெ ஃபே என்பதை ஓர் உதாரண வாக்கியத்தோடு கடந்து போயிருக்கிறேன். அதைக் கேட்கிறவர் எங்கிருந்து வந்திருப்பார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

முதலில் அதற்கே விடை. உங்கள் குசினியில் கூ தெ ஃபே என்றால் சர்வீஸ் உச்சத்தில் இருக்கும் நேரம். ஆர்டர் மேல் ஆர்டர் வந்து அத்தனை அடுப்பும் ஒன்றாக எரியும் அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஃபே என்பது நெருப்பு. துப்பாக்கியிலும் அதே நெருப்புதான், அதனால் ஒரே தொடர் இரண்டுக்கும் பொருந்துகிறது. அதிகச் சூட்டில் பண்டம் சட்டென்று கருகிவிட்டால் அதையும் கூ தெ ஃபே என்பார்கள். ஷெஃப் கூவியது "நெரிசல் நேரம் தொடங்கிவிட்டது, தயாராகுங்கள்" என்ற பொருளில்.

இனி சொல்லின் வரலாறு. கிரேக்கத்தில் கொலஃபோஸ் என்றால் கன்னத்தில் விழும் அறை. லத்தீனில் அது கொலஃபுஸ் ஆயிற்று. லத்தீன் விவிலியத்தில் மத்தேயு 26:67, இயேசுவின் முகத்தில் துப்பி அவரை அறைந்த இடத்தில் வருவது இந்தச் சொல்தான். பேச்சு லத்தீனில் தேய்ந்து கொல்புஸ், பழைய பிரெஞ்சில் கோல்ப், பிறகு "ல்" கரைந்து கூ. இத்தாலியர் இன்றும் கோல்ப்போ என்கிறார்கள், ஸ்பானியர் கோல்ப்பே. பிரெஞ்சுக்காரர் மட்டும் "ப்" ஒலியை விழுங்கிவிட்டு எழுத்தில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தும் வீண் இல்லை. கழுத்துக்கும் கூ என்றுதான் பெயர், விலைக்கும் கூதான். மூன்றும் காதுக்கு ஒன்று. தாளில் இதை அடையாளம் காட்டுவது அந்த "ப்".

"நிறைய" என்று சொல்லத் தினமும் போக்கூ என்கிறீர்களே, அதுவும் இதுதான். போ என்றால் அழகான, நல்ல. கூ என்றால் அடி. "நல்ல அடி" என்பது "நிறைய" ஆகிவிட்டது. அந்தச் சொல்லில் சிலசமயம் "ப்" உயிரோடு எழுந்தும் வரும்: "போக்கூ-பெமே" என்று உயிரெழுத்தோடு சேர்த்துச் சொல்பவர்களைக் கேட்டிருப்பீர்கள்.

அடையாறு மகளே, உங்கள் "அடி" ஒப்புமை அருமை. ஆனால் அது எங்கள் ஊர் வழியாக வந்த சரக்கு இல்லை. தமிழில் அடி தானாகவே அப்படிக் கிளைத்தது, பிரெஞ்சில் கூ தன் போக்கில் கிளைத்தது. இரண்டு மொழிக்காரரும் சட்டென்று வந்து படுவதை எல்லாம் அடியாக உணர்ந்திருக்கிறார்கள், அவ்வளவே. ஒப்புமை சறுக்கும் இடமும் உண்டு. கூ தேய் என்பதைக் "கண் அடி" என்று பிரித்துக் கண்ணடிப்பது என்று எழுதிய மாணவர்கள் எனக்கு வருடா வருடம் வாய்த்தார்கள். அது ஒரு பார்வை, ஒரு நோட்டம். கண்ணடிப்பதற்குக் கிளேன் தேய் என்று வேறு தொடர் உண்டு. பரீட்சையில் போனால் மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். வேலை இடத்தில் இதை மாற்றிச் சொன்னால் சங்கடம்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். நான் அப்படித்தான் கற்பித்தேன், பயன் குறைவு. இப்படிப் பாருங்கள்: கூ என்பது ஒரு செயலை எண்ணும் சொல். அதன் பின்னால் ஒரு கருவியையோ உறுப்பையோ வைத்தால், அதைக் கொண்டு ஒரே ஒரு தடவை, விரைவாகச் செய்யும் வேலை கிடைத்துவிடும். துடைப்பத்தை வைத்தால் கூ தெ பலே, ஒரு பெருக்கு. துணியை வைத்தால் கூ தெ தொர்ஷோன், ஒரு துடைப்பு. சீப்பை வைத்தால் ஒரு வாரு. கம்பியை வைத்தால் கூ தெ ஃபில், ஒரு போன். ஃபில் என்றால் நூல், கம்பி, டெலிபோன் கம்பியில் ஓடிய காலத்துச் சொல். கையை வைத்தால் ஒரு கை, அதாவது உதவி. கட்டைவிரலை வைத்தால் கூ தெ பூஸ், ஒரு சிறு தள்ளு, அதுவும் உதவியே. "வீட்டை ஒரு பெருக்குப் பெருக்கிடு", "ஒரு எட்டுப் போய்ப் பார்" என்கிறோமே, அந்த "ஒரு" செய்கிற வேலையை அங்கே கூ செய்கிறது.

லாச்சப்பல்பொடியன்

ஐயா, மெத்தப் பெரிய நன்றி. கண்ணெல்லாம் நிறைஞ்சு போச்சு. அண்டைக்கு ஷெஃப் தோளில கை வைச்சுச் சொன்னது "சமையல் நேரம், வேற ஒண்டும் இல்லை" எண்டுதான் இருந்திருக்கும்.

இண்டைக்கு பஸ்ஸில பக்கத்தில இருந்தவரின்ர பேப்பரில "கூ தெ ஃபிலே" எண்டு பெரிய எழுத்தில போட்டிருந்தது. போன் எண்டு நினைச்சன். படத்தில பொலிஸ் நிக்குது. இது என்ன?

இன்னொண்டு. நான் "ஃபேர் அன் கூ தெ மேன்" எண்டு சொன்னால் ஆக்கள் ஒரு நிமிசம் யோசிக்கினம். எந்த வினைச்சொல் போடவேணும்?

மொன்றியல்அக்கா

தம்பி, ஃபிலே எண்டால் மீன்பிடி வலை. கூ தெ ஃபிலே எண்டால் ஒரு வலைவீச்சு, பொலிஸ் ஒரே தரத்தில பல பேரை வளைச்சுப் பிடிக்கிறது. ஃபில், ஃபிலே: கடைசி உயிர் ஒண்டுதான் வித்தியாசம், கருத்து எங்கயோ போகுது.

வினைச்சொல்லுக்கு விதி இல்லை, காதில ஏறினால்தான் உண்டு. உதவியைத் "தருவினம்": தொன்னே அன் கூ தெ மேன். போனை "அனுப்புவினம்": பாசே அன் கூ தெ ஃபில். பார்வையை "எறிவினம்": ழெத்தே அன் கூ தேய். நாங்களும் பார்வையை வீசுறம்தானே. வெயிலையும் குளிரையும் "பிடிப்பினம்": அத்ராப்பே. கிழடு தட்டினால் "எடுப்பினம்": ப்ராந்ர் அன் கூ தெ வியே. திடீரெண்டு களைப்பு வந்து கண் சொருகினால் அது "இருக்கும்": அவுவார் அன் கூ தெ பார், இரும்புச் சலாகையால மண்டையில ஒண்டு வைச்ச மாதிரி. இரவு சர்வீஸ் முடிய உங்களுக்கு வாறது அதுதான்.

"கை குடு" எண்டதை அப்பிடியே தொன்னே லா மேன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. அது சின்னப் பிள்ளையைக் கையில பிடிச்சுக் கொண்டு போறது.

டொக்டரிட்டப் போற விசயம் ஒண்டு, இதைக் கட்டாயம் கவனியுங்கோ. கூ தெ சொலேய் எண்டால் வெயிலில தோல் வெந்து சிவக்கிறது மட்டும். தலை சுத்தி, வாந்தி வந்து, ஆள் விழுற அளவுக்கு வெயில் பட்டால் அது அன்சொலாசியோன். குசினிச் சூட்டில உடம்பு கொதிச்சு விழுந்தால் கூ தெ ஷலேர். கூ தெ சொலேய் எண்டு நீங்கள் ரெலிபோனில சொன்னால் களிம்பு பூசச் சொல்லி வைச்சிடுவினம். ஆள் உயிர் ஆபத்தில இருக்கலாம்.

பிரான்ஸ் ஆக்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால போடுற "துய் கூ" இருக்கே, "அப்ப", "அதால" எண்ட கருத்தில. இஞ்ச கனடாவில, கெபெக்கில ஒருத்தர் வாய் திறந்து துய் கூ சொன்னால் உடன விளங்கிடும், பிரான்ஸில இருந்து வந்தவர் எண்டு. இஞ்சத்தை ஆக்கள் அந்த இடத்தில "ஃபாக்" எண்டுவினம். அதே நேரம், "வந்து சேர்ந்த பிறகு" எண்டு சொல்ல இவை "அன் கூ கெ" எண்டு தொடங்குவினம், அதைப் பாரிஸில சொன்னால் புதினமாப் பார்ப்பினம்.

புதுவைவாத்தியார்

துய் கூ பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பிரெஞ்சு மொழியைக் கண்காணிக்கும் கழகமான அகாதெமி ஃப்ரான்சேஸும் இதைக் குறித்து எழுதியிருக்கிறது: ஒரு நிகழ்ச்சி அடித்த மாத்திரத்தில் இன்னொன்று விளைந்தால் துய் கூ சரி, "ஆகவே" என்று சொல்ல வேண்டிய எல்லா இடத்திலும் போடக் கூடாது. "டயர் வெடித்தது, துய் கூ வண்டி சாய்ந்தது": இதில் அடி இருக்கிறது. "நாளை ஞாயிறு, துய் கூ நான் வீட்டில் இருப்பேன்": இதில் எந்த அடியும் இல்லை. தோங்க் என்று அழகான ஒரு சொல் இதற்காகவே இருக்கிறது.

அடையாறுவாசகி

சார், தப்பா நினைக்காதீங்க, எனக்கு இதுல வேற கருத்து. எங்க வகுப்புக்கு லியோன்லேருந்து ஒரு பொண்ணு பேச வந்தாங்க. பத்து நிமிஷத்துல துய் கூ இருபது தடவையாவது வந்திருக்கும். அதைப் புரிஞ்சுக்கலைன்னா அவங்க பேச்சே புரியாது. நம்ம ஊர்ல "ஸோ", "அதனால", "இப்ப வந்து"ன்னு ஆரம்பிக்கிற மாதிரிதானே? அடியோட சூடு ஆறிப்போய் வெறும் இணைப்பா மாறியிருக்கு. போக்கூவும் ஒரு காலத்துல அப்படி மாறினதுதானே சார், நீங்களே சொன்னீங்க.

புதுவைவாத்தியார்

போக்கூவை எடுத்துக் காட்டியது நியாயமான வாதம். ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் யாரும் சொல்லட்டும். தம்பி, நீங்கள் மட்டும் விண்ணப்பக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். அதில் நான் மாற மாட்டேன்.

பழங்கதைப்பிரியன்

கூ தேத்தா பேச்சு வந்ததால் நான் நுழைகிறேன். இன்று அது அரசைக் கவிழ்ப்பது. முதலில் அப்படி இல்லை. 1639-ல் கப்ரியேல் நோதே என்ற நூலகர் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவர் கணக்கில் கூ தேத்தா என்பது அரசே, மன்னரே, வழக்கமான சட்டத்தைத் தாண்டிச் செய்யும் துணிச்சலான அதிரடி. 1572-ல் பாரிஸில் புராட்டஸ்டண்டுகள் கொன்று குவிக்கப்பட்ட புனித பர்த்தலோமேயு நாளை அவர் அந்த வகையில் வைத்தார். அடிக்கிறவன் அரசன், அடிபடுகிறவன் குடிமகன். 1799 நவம்பர் 9 அன்று நெப்போலியன் ஆட்சியைப் பிடித்ததையும், 1851 டிசம்பர் 2 அன்று அவர் தம்பி மகன் லூயி நெப்போலியன், பதவியில் இருந்த ஜனாதிபதியாகவே நாடாளுமன்றத்தைக் கலைத்ததையும் இந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். இரண்டாவதைப் பாருங்கள், அது பழைய பொருளுக்கே பொருந்துகிறது. உள்ளே இருந்தவர்தான் அடித்தார்.

எனக்கு மிகப் பிடித்தது கூ தெ ழார்னாக். 1547 ஜூலை 10, பாரிஸுக்கு அருகே சேன் ழெர்மேன் ஆன் லேயில், மன்னர் இரண்டாம் ஆன்ரி முன்னிலையில் இருவர் நேருக்கு நேர் மோதிய ஒரு வாட்போர். ஒரு பக்கம் லா ஷாத்தெஞ்ஞெரே, மன்னருக்கு வேண்டியவர், பெரிய வீரர். எதிரே ழார்னாக் பிரபு. அவர்தான் தோற்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ழார்னாக் எதிராளியின் முழங்காலுக்குப் பின்புற நரம்பை வெட்டிச் சாய்த்துவிட்டார். அன்றைய முறைப்படி அது ஒழுங்கான வெட்டுதான். ஆனால் போகப் போக "ழார்னாக் அடி" என்றால் முதுகில் குத்தும் துரோகம் என்று ஆகிவிட்டது. நியாயமாக வென்ற மனிதரின் பெயர் இன்று சூழ்ச்சிக்கு அடையாளமாக நிற்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இன்னொரு கூ, படித்தபின் மறக்க முடியாதது. சுரங்கத்தில் நிலக்கரித் தூசி தீப்பிடித்து வெடித்தால் கூ தெ பூசியே. 1906 மார்ச் 10 அன்று வட பிரான்சில் கூரியேர் சுரங்கத்தில் அது நடந்தது. 1,099 பேர் இறந்தார்கள், சிறுவர்கள் உட்பட. இருபது நாள் கழித்து, எல்லோரும் கைவிட்ட பிறகு, 13 பேர் தாங்களாகவே இருட்டில் வழி தேடி வெளியே வந்தார்கள். உயிர் தப்பியவரைக் குறிக்கும் ரெஸ்காப்பே என்ற வட்டாரச் சொல், பிரான்ஸ் முழுதும் பரவியது அவர்களால்தான்.

அடையாறுவாசகி

ஃபுட்பால்லயும் இது நிறைய வருது. ஃப்ரீ கிக் கூ ஃப்ரான், ஆட்டம் தொடங்குறது கூ தான்வுவா. அப்போ உலகக் கோப்பைக்கு "கூப் துய் மோந்த்"னு சொல்றாங்களே, அதுவும் இதே குடும்பமா?

புதுவைவாத்தியார்

இல்லை. அந்தக் கூப் கிண்ணம். லத்தீன் கூப்பா என்பதிலிருந்து வந்தது, வேறு வேர். "ப்" ஒலிப்பதைக் கவனியுங்கள்.

ஆனால் தலைமுடி வெட்டுவதற்கும் கூப் என்றே பெயர், அது நம் குடும்பம். கூவிலிருந்து பிறந்த வினைச்சொல் கூப்பே: முதலில் அடிப்பது, பிறகு ஒரே அடியில் துண்டாக்குவது, இன்று வெறுமனே வெட்டுவது. ரயிலில் முதல் வகுப்பில் இரண்டு பேருக்கான சிறு அறையைக் கூப்பே என்கிறோமே, அது "வெட்டப்பட்டது" என்று பொருள். முழு வண்டியைக் குறுக்கே வெட்டியது போன்ற சிறு வண்டிக்கு முதலில் வைத்த பெயர். வெட்டியெடுக்கும் துண்டுச் சீட்டு கூப்போன். அதுதான் கூப்பன்.

கால்பந்தில் கூ தெ தேத்தை விட்டுவிட்டீர்கள். 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 110-ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் அணித் தலைவர் ஸிதான், இத்தாலி வீரர் மாத்தெராஸியின் மார்பில் தலையால் முட்டினார். தேத் என்றால் தலை, ஆகவே தலை முட்டு. அதே தொடருக்கு யோசிக்காமல் திடீரென்று எடுக்கும் முடிவு என்றும் பொருள் உண்டு. அந்த இரண்டு பொருளும் ஒரே கணத்தில் ஒன்றாகப் பொருந்தியதை அன்று இரவு தொலைக்காட்சியில் பார்த்தேன். தொண்டை அடைத்தது. அவருடைய கடைசி ஆட்டம் அது.

லாச்சப்பல்பொடியன்

ஐயா, கூப்பன்! எங்கட வீட்டில கூப்பன் அட்டை இருந்தது. சங்கக்கடையில கூப்பனுக்கு அரிசி, சீனி, மண்ணெண்ணெய் வாங்க அம்மா வரிசையில நிண்டவ. அந்தச் சொல்லும் இந்தக் கூவின்ர பிள்ளையோ? இண்டைக்கு அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுவன்.

கடிதமொழிபெயர்ப்பாளர்

பாரிஸ் புறநகரில் நம்மவர்களுக்கு அரசுக் கடிதங்களை வாசித்துச் சொல்லும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். இந்த இழையில் வராத ஒன்று, ஆனால் வாழ்க்கையைத் தொடும் ஒன்று: "சூ லெ கூ தெ". "இன்னதின் அடிக்குக் கீழே" என்று சொல்லுக்குச் சொல் வரும். உண்மைப் பொருள், ஒரு சட்டத்துக்கோ உத்தரவுக்கோ உட்பட்ட நிலையில் இருப்பது. நாட்டை விட்டு வெளியேறும் உத்தரவு ஒருவர் மேல் இருந்தால், அவர் அதன் கூவுக்குக் கீழே இருக்கிறார் என்று எழுதுவார்கள். யாரோ அடித்ததாக வழக்கு என்று தவறாக எண்ணி, கெடுத் தேதி தவறிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தொடர் கடிதத்தில் இருந்தால் அன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடமோ உதவி அமைப்பிடமோ கொண்டு போங்கள். மேன்முறையீட்டுக்குத் தரும் நாட்கள் மிகக் குறைவு.

உண்மையாகவே அடிபட்டவர்கள் "கூ ஏ பிளெசூர்" என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருங்கள், அடியும் காயமும். முதலாளி அடித்தாலும் சரி, வீட்டுக்குள் அடித்தாலும் சரி, பொலிஸில் இந்த மூன்று சொல் போதும், உட்கார வைத்து எழுதத் தொடங்குவார்கள்.

மொன்றியல்அக்கா

இதை மேல ஒட்டி வைக்கச் சொல்லி நடத்துநரிட்டக் கேட்கிறன்.

தம்பிக்கு இன்னும் ஒண்டு மட்டும். "தெனீர் லெ கூ" எண்டு கேட்பீங்கள். தெனீர் எண்டால் பிடி. கூ எண்டால் தாக்கு. சேர்த்துப் பாருங்கோ.

லாச்சப்பல்பொடியன்

அக்கா, தாக்குப்பிடி.

இப்பதான் வேலையால வந்தனான். சனிக்கிழமை இரவு, ஒரே சனம். ஏழரைக்கு ஷெஃப் "கூ தெ ஃபே!" எண்டு கத்தினவர். நெஞ்சு ஒருக்கா அடிச்சுது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கை தட்டை விடேல்லை. மாலிப் பொடியனிட்ட நான்தான் முதல் போய் "கூ தெ மேன்?" எண்டு கேட்டன். இரண்டு பேருமா அந்தப் பெரிய சட்டியை இறக்கினம்.

பதினொண்டரைக்கு எல்லாம் முடிஞ்சு ஷெஃப் கதவடியில நிண்டு என்னைப் பார்த்து, "துய் தியேன் லெ கூ?" எண்டார். "வுய், ஷெஃப்" எண்டன். துணியை எடுத்து மேசைக்கு ஒரு கூ தெ தொர்ஷோன் குடுத்திட்டு வெளிக்கிட்டன்.

நாளைக்குக் காலமை திரும்ப வேலை. அம்மாவுக்கு இப்ப ஒரு கூ தெ ஃபில் எடுக்கப் போறன், அங்க விடியப்போற நேரம்.